எனக்கு ஃபிளாஷ்பேக் கிடையாது

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு காதல் கதை உண்டு. கல்யாண மண்டபங்களில் சாப்பாடு முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரத்தில் என் தங்கச்சி அதைச் சொல்லுவாள். நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம், அதனால் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அவள் சாட்சியாக்கிவிடுவாள்.

"பாருங்க, இன்னும் கண்ணு கலங்குது அக்காவுக்கு."

கதை இதுதான். எனக்குப் பதினாறு வயசு. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக்கு மூவாரிலிருந்து நாற்காலி ஏற்றி வந்த லோரிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். அவர் போய்விட்டார். பிறகு பல நாள் நான் செம்மண் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வரவில்லை, நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அப்போது தங்கச்சி சின்னப் பிள்ளை. கண்ணால் கண்டது அவ்வளவுதான், மீதி அவளுடைய கைவேலை. முதலில் லோரிக்காரருக்குச் சுருட்டை முடி வந்தது. அப்புறம் விசில் அடிக்கக் கற்றுக்கொண்டார். போன வருஷம் மெர்சிங்கில் நடந்த கல்யாணத்தில் அவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. இப்படியே போனால் பாட்டுப் பாடிவிடுவாரோ என்று எனக்குக் கவலை.

உண்மை என்னவென்றால், எனக்கு யார் மேலும் அந்த மாதிரி எண்ணம் வந்ததே கிடையாது. யாரையும் வெறுத்ததும் கிடையாது. செனாய் ஃபேக்டரியில் கூட வேலை செய்த பெண்கள் ரகசியம் பேசிச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். பாஷை தெரியாத படம் பார்க்கிறவர்கள், பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிப்பார்களே, அப்படி. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். காதலெல்லாம் அதற்கு மேல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது, நாம்தான் போகவில்லை என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் செனாயில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கைப்பேசியில் தொடர்கதை படிக்கிற பழக்கத்தை எனக்கு உண்டாக்கியவள் அவள்தான். அதில் ஒரு கதை, கோலாலம்பூருக்கு பஸ் ஓட்டுகிற பெண்ணைப் பற்றியது. அடிக்கடி அந்த பஸ்ஸில் வருகிற டாக்டர் ஒருவர் அவளை விரும்புகிறார். அவளும் நன்றாகப் பேசுவாள், அவர் வாங்கிக் கொடுக்கிற நாசி லெமாக்கைச் சாப்பிடுவாள், பஸ்ஸைக் கழுவுவாள், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவாள். அவ்வளவுதான். அவளுக்குக் காதல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதியவர் காரணமும் சொல்லவில்லை.

நான் படித்த கதைகளில் தனியாக இருக்கிற பெண்ணுக்குக் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும். காதலன் செத்திருப்பான், இல்லாவிட்டால் ஏமாற்றியிருப்பான். இவளுக்கு யாரும் சாகவில்லை. அதனாலேயே எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது.

கதைக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுதுகிற இடம் பசார் மாலாம் ராத்திரிச் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும். டாக்டர் பேரில் பாதியும் இவள் பேரில் பாதியும் ஒட்டி ஒரு பேர் வைத்திருந்தார்கள். கேட்க இருமல் மருந்துப் பேர் மாதிரி இருந்தது.

"இதுக்குப் பேரு ஷிப்பிங்," என்றாள் தங்கச்சி.

"கப்பலா? இது பஸ் கதையாச்சே?"

"அலமாக், அக்கா! ஜோடி சேக்கிறது லா."

ஒரு நாள் யாரோ, "அவள் ஏஸ், ஏரோ. விட்டுவிடுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். தங்கச்சி எட்டிப் பார்த்து, "யாரோ ஏசுறாங்க. நீ படிக்காத" என்றாள். அவள் குளிக்கப் போன பிறகு படித்தேன். அந்த ஆள் கீழே விளக்கமும் கொடுத்திருந்தார். உடம்பால் யார் மேலும் ஆசை வராதவர்களை ஏஸ் என்றும், காதலே வராதவர்களை ஏரோ என்றும் சொல்வார்களாம். அது நோய் இல்லையாம், யாரோ ஏமாற்றியதால் வருவதும் இல்லையாம்.

நான் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். இந்த ஜொகூரிலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பேர் வைக்கிற அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்!

அந்த வாரமே கதை எழுதுகிறவர் கேட்டார்: "கடைசி அத்தியாயம் வருகிறது. இவள் ஏன் இப்படி ஆனாள் என்று பலரும் கேட்கிறீர்கள். ஃபிளாஷ்பேக் வைக்கட்டுமா?"

இவளுக்கும் ஒரு லோரிக்காரரைக் கொண்டு வரப்போகிறார்கள். அப்புறம் கதையில்கூட என்னை மாதிரி ஒருத்தி மிஞ்ச மாட்டாள்.

மறுநாள் சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து கருத்துகளைப் பார்த்தேன். ரோஜாப்பூப் படம் வைத்திருந்த ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். "ஃபிளாஷ்பேக் கண்டிப்பாக வேண்டும். காரணமில்லாமல் எந்தப் பெண்ணும் தனியாக இருக்க மாட்டாள். என் சொந்த அக்காவே சாட்சி. மூவார் லோரிக்காரர் ஒருவர், சுருட்டை முடி..."

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் நாற்காலியில் தங்கச்சியின் கட்டைவிரல் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எழுதியதற்குக் கீழே இதயமாகக் கொட்டிக் கிடந்தது. "அந்த அக்காவையும் லோரிக்காரரையும் சேர்த்து வையுங்கள்" என்று ஒரே அழுகை. அதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் பேரும் வைத்துவிட்டார்கள், 'லோரக்கா' என்று.

வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்லலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினேன்.

"அந்த அக்கா நான்தான். லோரிக்காரர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பையும் லோரியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது அம்மாவின் பித்தளைச் செம்பு. அடி விழுமே என்று பயந்துதான் சாலையைப் பார்த்து நின்றேன். எனக்கு யார் மேலும் காதல் வந்ததில்லை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக இருக்கிறேன். தயவுசெய்து பஸ் ஓட்டுகிற பெண்ணுக்கு ஃபிளாஷ்பேக் வைக்காதீர்கள். எனக்கு வைத்தது போதும்."

அனுப்பினேன். எதிரில் தங்கச்சியின் கைப்பேசி 'டிங்' என்றது. அவள் படித்தாள். விரலால் மேலே தள்ளி முதலிலிருந்து மறுபடியும் படித்தாள்.

"அக்கா."

"ம்."

"செம்பா?"

"செம்புதான்."

"அம்மா உன்ன அடிச்சாங்களே, அது லோரிக்காரன பாத்ததுக்கு இல்லையா?"

"செம்ப தொலச்சதுக்கு."

"அப்ப, யார் மேலயுமே வரலையா?"

"யார் மேலயும் வரல."

"எங்க வீட்டுக்காரரோட தம்பி உன்ன பொண்ணு கேட்டாரே, அவர் மேலகூடவா? பாக்க எவ்ளோ நல்லா இருப்பாரு லா!"

"அலமாரிகூடத்தான் பாக்க நல்லா இருக்கு. அதுக்கு?"

அவள் கைப்பேசியை மடியில் வைத்தாள். "இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"நீ எங்க மூச்சு விட்ட?"

"எனக்கு டுரியான் பழம் புடிக்காதே, அந்த மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். உனக்கேத்த டுரியான் இன்னும் அமையல, பாவம்னு நான் எந்தக் கல்யாணத்துலயாவது சொன்னேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகம் வாடிப்போய், "நல்ல கதை, கெடுத்துட்ட" என்றாள். ஆனாலும் ரோஜாப்பூ நான் எழுதியதற்குக் கீழே இப்படி எழுதியது: "அக்கா சொல்வதுதான் சரி. செம்பு விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். ஃபிளாஷ்பேக் வேண்டாம். டாக்டரை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடாதீர்கள்."

கடைசி அத்தியாயம் வந்த அன்று தங்கச்சிதான் சத்தமாகப் படித்தாள். ஃபிளாஷ்பேக் இல்லை. டாக்டர் பஸ்ஸில் ஏறித் தண்ணீர் கேட்கிறார், இவள் தன் பாட்டிலைக் கொடுக்கிறாள். அவர் குடித்துவிட்டு ஏதோ நினைப்பில் அதைக் கையோடு கொண்டு இறங்கப் பார்க்கிறார். "டாக்டர், பாட்டிலக் குடுத்துட்டுப் போங்க" என்கிறாள். வாங்கி வைத்துக்கொண்டு பஸ்ஸை எடுக்கிறாள். கதை முடிந்தது.

"இறக்கிவிட்டுட்டாங்களே!" என்று தங்கச்சி தலையில் கை வைத்தாள். நான் அந்தப் பாட்டில் வரியை மறுபடி படிக்கச் சொன்னேன்.

போன மாதம் ஒரு கல்யாணம். வெற்றிலைத் தட்டு வந்ததும், "எங்கக்காவுக்கு ஒரு கதை இருக்கு" என்று தங்கச்சி ஆரம்பித்தாள். நான் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"லோரிக்காரன் ஒருத்தன் வந்து தண்ணி கேட்டான். குடிச்சிட்டு எங்கம்மா செம்ப தூக்கிட்டுப் போயிட்டான்."

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்னா, அவ்ளோதான் கதை."

அந்த அம்மாளுக்கு மனசு ஆறவில்லை. என் பக்கம் குனிந்து, "ஐயோ பாவம், இன்னமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?" என்றார்.

நான் தலையை நிமிர்த்தி, "ஆமாங்க, நல்ல கனமான செம்பு" என்றேன்.