கிளிஞ்சல் குழியில் ஒரு கேள்வி

காளவாய்மேட்டு ஜெசிந்தாவைப் பற்றி இப்போது யாரிடம் கேட்டாலும், அதிகம் வாய் திறக்காதவள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவள் என்று சொல்வார்கள். இரண்டும் உண்மை. அவள் பிறவியில் அப்படி இல்லை. அவளை அப்படி ஆக்கியவன் நான். இது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊருக்கு வேதம் கற்பிக்கிற உபதேசியாராக இருந்து, ஊரார் பாவத்தையெல்லாம் நினைவுபடுத்தி அவர்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவைத்தேன். என்னுடையதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்துக்குத் தெற்கே பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. ஊர் என்பதே கொஞ்சம் பெருமைக்குச் சொல்வதுதான். இருபது குடிசை, நாலு சுண்ணாம்புக் காளவாய், ஓலை வேய்ந்த அந்தோணியார் கோயில், அவ்வளவுதான். ஆனால் பழவேற்காட்டில் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர்களின் கோட்டைச் சுவருக்கும் மாடி வீடுகளுக்கும், அவர்கள் செத்தால் கட்டுகிற கல்லறைகளுக்கும் எங்கள் சுண்ணாம்பு போயிருக்கிறது. பக்கத்துப் பசியாவரத்து மீன்காரர்களுக்கு ஏரித் தண்ணீரில் பிழைப்பு. எங்களுக்கு ஏரியின் அடியில். கோடையில் தண்ணீர் உள்வாங்கியதும் சேற்றுத் தரையில் குழி தோண்டி, புதைந்து கிடக்கும் கிளிஞ்சலை அள்ளி அலசி, காளவாயில் விறகோடு அடுக்கிச் சுடுவோம்.

ஜெசிந்தா என்னைவிட நாலு வயது இளையவள். என் தகப்பனார் உபதேசியாராக இருந்தபோது இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஞான உபதேசம் படித்தோம். சர்வேசுரன் ஆறு நாளில் என்னென்ன படைத்தார் என்று கேட்டால் நான் கடகடவென்று ஒப்பிப்பேன். அவள், "சூரியனை நாலாம் நாள்தான் படைச்சாருன்னா, மொத மூணு நாளு எப்படி விடிஞ்சுது?" என்பாள். தகப்பனார் பிரம்பை எடுப்பார். அடியை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வேறொன்று கேட்பாள். அவளுடைய நைனா குழி தோண்டுகிறவர். "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், மன்னிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, போகிற வழியெல்லாம் அவளைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே போவார்.

அவளுக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் காய்ச்சலில் போனான். கைக்குழந்தை மதலேனாளை வரப்பில் துணி விரித்துப் போட்டுவிட்டு, நைனா விட்ட மண்வெட்டியை அவள் எடுத்தாள். பெண்கள் கிளிஞ்சல் அலசுவார்கள், கூடை சுமப்பார்கள். குழிக்குள் இறங்குவது ஆண்கள்தான். ஜெசிந்தா இறங்கினாள். இரண்டு நாள் ஊர் முணுமுணுத்தது. அவள் குழி மற்றவர்கள் குழியைவிட ஆழமாகப் போனதும் வாயை மூடிக்கொண்டது.

மதலேனாள் கல்யாண வயதுக்கு வந்துவிட்ட ஒரு ஆடி மாதம் நான் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். தகப்பனார் போய், நான் உபதேசியாராகிப் பத்து வருஷம் இருக்கும். குழிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்.

"தியோகண்ணே, கொஞ்சம் உள்ள எறங்கி வாயேன்."

"இன்னா கீது உள்ள?"

"வந்து பாரு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தலைக்கு மேலே இன்னொரு ஆள் உயரத்துக்குச் சுவர் நின்றது. மண்வெட்டிக் காம்பால் அவள் காட்டினாள்.

"மேல ஒரு அடுக்கு கிளிஞ்சல். அப்பால களிமண்ணு. அடியில இன்னொரு அடுக்கு. மறுபடி களிமண்ணு. இதோ காலடியில மூணாவது. பிரளயம் ஒண்ணுதானே வந்துதுன்னு சொல்றீங்க?"

"ஒண்ணுதான். நோவே பேழை கட்டின காலத்துல, நாப்பது நாளு மழையா."

"சரி, அத வுடு. இத பாரு." மூன்றாவது அடுக்கிலிருந்து விரலால் களிமண்ணை வழித்தெடுத்தாள். உள்ளங்கை அகலச் சிப்பிகள், இரண்டு மூடியும் ஒட்டியபடி, விளிம்பு மேலே பார்க்க வரிசையாக நின்றன. உயிருள்ள மட்டி சேற்றுக்குள் அப்படித்தான் நிற்கும். காலால் துழாவி மட்டி எடுத்துக் குழம்பு வைக்கிற எங்களுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "தண்ணி அடிச்சிக்கினு வந்து போட்டிருந்தா ஒத்த ஒத்த ஓடா கலைஞ்சி கெடக்கும். கரையில அலை ஒதுக்கறது அப்படித்தானே கெடக்குது? இதுங்க இங்கேயே பொறந்து, இங்கேயே வளந்து, நின்ன எடத்துலயே செத்திருக்குது. இவ்ளோ பெருசாவ எத்தினி வருஷம் ஆவும்? நாப்பது நாளு மழை பத்துமா?"

நான் அதோடு மேலே ஏறிப் போயிருக்கலாம். ஏற மனம் வரவில்லை.

"இன்னொண்ணு கீது ஜெசிந்தா. தரையைப் படைச்சது மூணாம் நாளு. தண்ணியில கெடக்குற சீவனைப் படைச்சது அஞ்சாம் நாளு. முன்னாடி வந்த தரைக்கு அடியில பின்னாடி வந்த சிப்பி எப்படிப் போச்சி? நானும் ரொம்ப வருஷமா இதையே நெனச்சிக்கினு கீறேன்."

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அடப்பாவி அண்ணே. அப்ப ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க தலையில எதுக்கு அதைக் கட்டறே?"

நானும் சிரித்தேன். சிறுவயதில் ஒரே பாயில் உட்கார்ந்த இருவர், நரை விழுகிற வயதில் ஒரு குழிக்குள் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை.

அவள் விசுவாசத்தை விட்டவள் இல்லை. "சர்வேசுரன் இல்லேன்னா சொல்றேன்? அவரு அவசரப்படலேன்னு தோணுது, அவ்ளோதான். ஆறு நாள்ல முடிச்சே ஆவணும்னு அவருக்கு இன்னா கெட்டுப்போச்சி?" என்றாள். அன்றிலிருந்து, மூடியபடி கிடைக்கிற சிப்பிகளைச் சுடாமல் காளவாய்த் திண்டில் வரிசையாக அடுக்கி வைத்தாள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று கரியால் கோடு போடுவாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன்.

உலாந்தாக்காரரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் வேறு சபை; எங்கள் சாமியார்களைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. அதனால் மயிலாப்பூரிலிருந்து எண்ணூர் வழியாகத் தோணியில் வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதக் கடைசியில் ஒரு சாமியார் வந்து நாலு நாள் தங்குவார். பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அந்த நாலு நாளில்தான். அது போனால் கல்யாணம் செய்யக்கூடாத தபசு காலம் வந்துவிடும், பிறகு அடுத்த தைதான். அந்த வருஷம் கல்யாணத்துக்கு நின்றவள் மதலேனாள். மாப்பிள்ளை பழவேற்காட்டில் படகு கட்டுகிற தச்சன், நல்ல பையன். ஏற்கெனவே ஒரு வருஷம் காத்திருந்த அவன் வீட்டார், இந்தத் தையும் தவறினால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று என்னிடமே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சாமியார் வந்து இறங்கியதும், ஊரில் யார் எப்படி என்று உபதேசியார் முதலில் தனியாகச் சொல்லவேண்டும். அது வழக்கம். எல்லாரைப் பற்றியும் சொன்னேன். கடைசியில், ஏன் அந்தப் புத்தி வந்ததோ, சிப்பிக் கதையை எடுத்தேன். கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வேண்டியிருந்தது. மயிலாப்பூரில் அவ்வளவு புத்தகம் படித்தவர், ஒரு வார்த்தையில் முடிச்சை அவிழ்த்துவிடுவார் என்று நம்பினேன். ஆனால் நான் கேட்பதாகக் கேட்கத் துணிவில்லை. "இங்கே ஒரு சுண்ணாம்புக்காரி இப்படிக் கேட்கிறாள், சாமி" என்றேன். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் கணக்கையும் சேர்த்து அவள் பேரிலேயே போட்டேன்.

சாமியார் முகம் மாறிவிட்டது. அவருக்குத் தமிழ் பாதிதான் வரும், கோபம் வந்தால் அந்தப் பாதியும் போய்விடும். தன் போர்த்துகீசுப் பறங்கி பாஷையில் பொரிந்தார்; உபதேசியார் வேலைக்கென்று தகப்பனார் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு நாள் கணக்கு எங்கிருந்து வரும், இது கோட்டையிலிருக்கும் உலாந்தாப் பதிதர்கள், வேதம் புரட்டுகிறவர்கள், விதைத்த விதை என்றார். அவள் கோயில் வாசலில் முழந்தாளிட்டு எல்லார் முன்னாலும் இது பொய்யென்று சொல்லவேண்டும், சொல்லிக் கொடுத்தது யாரென்றும் காட்டவேண்டும். அதுவரை அந்த வீட்டுக் கல்யாணத்தை மந்திரிக்க முடியாது என்று முடித்தார். என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே போய் அவளிடம் சொன்னேன். பந்தலுக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தாள். மதலேனாள் உள்ளே யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அவருகிட்ட எதுக்குண்ணே சொன்னே?" என்றாள் மெதுவாக.

"பதில் சொல்வாருன்னு நெனச்சேன்."

"உன் பேரச் சொல்லிக் கேக்கறதுதானே?"

என் பேர் வந்தால் உபதேசியார் வேலை போகும், என் பிள்ளைகள் மண்வெட்டி எடுக்கவேண்டியதுதான். அதைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. முடைந்த கீற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "சரி, நாளைக்கு எந்நேரம் வரணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் பூசைக்கு முன்னால் வாசல்படியில் முழந்தாளிட்டாள். தலையில் ஒரு கூடை கிளிஞ்சல் வைக்கச் சொன்னார் சாமியார். பழவேற்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்து நின்றார்கள். சாமியார் பறங்கியில் கேட்க, நான் தமிழில் கேட்டேன்.

"சர்வேசுரன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்பது சத்தியமா?"

"சத்தியம்."

"நீ பேசினது?"

"பொய்யி."

அடுத்ததைச் சாமியார் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அதையும் தமிழில் கேட்டேன். "இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?"

கூடை அசையாமல் அவள் கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். என் பேரைச் சொல்லிவிட மாட்டாளா என்று அப்போது என் மனதில் ஒரு பக்கம் ஏங்கியது. சொல்லிவிடக் கூடாதே என்று மறுபக்கம் வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொண்டதுதான் ஜெயித்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல. என் புத்திதான் கெட்டுப் போச்சி."

அதைப் பறங்கியில் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அவ்வளவு சுத்தமாக வேறு எதையும் நான் மொழிபெயர்த்ததில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மதலேனாள் பழவேற்காட்டில் இப்போது நாலு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். விருந்தில் எனக்கு ஜெசிந்தாதான் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா, உபதேசியாரே?" என்று கேட்டாள். தியோகண்ணே என்று அதற்குப் பிறகு ஒரு முறைகூட அவள் என்னைக் கூப்பிடவில்லை.

வாரம் போனதும் காளவாய்ப் பக்கம் போனேன். திண்டில் ஒரு சிப்பிகூட இல்லை. எல்லாவற்றையும் சூளையில் போட்டுச் சுட்டுவிட்டாள். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தாள். நான் கேட்டால், மூன்றாம் நாள் தரை, ஐந்தாம் நாள் மீனும் பறவையும் என்று பாடம் மாறாமல் சொன்னாள். நானும் பாடம் மாறாமல் கற்பித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாளைச் சொல்லும்போது மட்டும் அவள் இருக்கும் பக்கம் பார்க்கமாட்டேன். பார்த்திருந்தாலும் ஒன்றும் இல்லை, அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று. போன வைகாசியில் கோயிலுக்குப் பக்கத்தில் கிணறு தோண்டினோம். மூன்று ஆள் ஆழத்தில், களிமண்ணுக்குக் கீழே, நாலாவதாக ஒரு அடுக்கு வந்தது. நானே இறங்கிப் பார்த்தேன். மூடிய சிப்பிகள், நின்றபடி. இந்த ஏரியில் எவரும் கண்டிராத சாதி, மேலே கத்தியால் கீறினதுபோல வரி வரியாக இருந்தது. இதைக் காட்ட எனக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

ஒரு சிப்பியை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். உபதேசியார் வேலையை மருமகனிடம் விட்டு அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இனி இழக்க ஒன்றுமில்லாதபோது எனக்குத் தைரியம் வந்திருந்தது. வழியெல்லாம் பேச வேண்டியதைக் கோத்துக்கொண்டே போனேன். அன்றைக்கு என் பேரை ஏன் சொல்லாமல் விட்டாய் என்று கேட்கவேண்டும், என்னை மன்னித்துவிடு என்று சொல்லவேண்டும், சொன்ன பிறகு இதை அவள் கையில் கொடுக்கவேண்டும். நாலாவது அடுக்கு என்றதும் பழையபடி மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

ஜெசிந்தா காளவாயில் விறகும் கிளிஞ்சலும் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. கோத்து வைத்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. துண்டை அவிழ்த்து நீட்டினேன்.

"நாலாவது அடுக்கு, ஜெசிந்தா. கெணத்துல. மூடினபடியே கீது பாரு."

வாங்கினாள். ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் அந்த வரிகளின்மேல் ஒரு நொடி நின்றது. பிறகு உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள்.

"நல்ல சிப்பி, உபதேசியாரே. நல்லா வேகும்" என்று சொல்லி, மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினாள்.