நிறுத்திய பிறகும் சுற்றியது

அதே டர்போ ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை என் மேசைக்கு வந்தபோது, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். திட்டு வாங்கியவன் என் மனைவியின் தம்பி. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு நானும் அவனும் சேர்ந்து ஒரு டீசல் வேன் வாங்கியிருந்தோம். கீழ்பென்னாத்தூரில் தன் பங்கு நிலத்தை விற்று அவன் பாதி போட்டான். பெங்களூரிலிருந்து கோயிலுக்கு ஆள் ஏற்றி வருவது அவன் வேலை. செங்கம் ரோட்டில் இருந்த என் பட்டறையில் வண்டியை ரிப்பேர் பார்ப்பது என் வேலை.

டர்போ என்பது இரண்டு சின்ன விசிறிகள், நடுவில் ஒரு தண்டு. வெளியே போகும் புகை ஒரு விசிறியைச் சுற்றும். மறுமுனையில் இருக்கும் விசிறி காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். என்ஜினைவிடப் பல மடங்கு வேகம். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கில் குண்டுகள் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் தடவை கழற்றியபோது உள்ளே மோதிரம் மாதிரி ஒரு புஷ்தான் இருந்தது. புஷ்ஷுக்கு உள்ளேயும் எண்ணெய், வெளியேயும் எண்ணெய். அத்தனை வேகத்தில் சுற்றுவது வெறும் எண்ணெயில் மிதக்கிறது. சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது புது புஷ், புது சீல் போட்டு, வேலூருக்கு அனுப்பி பேலன்ஸ் பார்த்து மாட்டினேன். சில மாதங்களில் மறுபடியும் அதே விசில் சத்தம், அதே நீலப் புகை. காற்று ஹோஸைக் கழற்றி விசிறியைப் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், எண்ணெய்க்கு இடம் வேண்டும். இது முன்னும் பின்னும் ஆடியது. விசிறி இலைகள் கூட்டில் உரசித் தேய்ந்திருந்தன.

"எண்ணெ இல்லாம ஓட்டினியாடா?"

"தெனம் எண்ணெ அளவு குச்சிய எடுத்துப் பாக்கறேன் மாமா."

"அப்போ கண்ணு மண்ணு தெரியாம மிதிக்கிற."

"கோயிலுக்கு வர்றவங்கள ஏத்திகினு ரேஸா உடுவேன்?"

"சாவிய வெச்சிட்டுப் போ. டர்போவ கட்டி முடிச்சதும் வேற டிரைவர் போடறேன்."

அவன் சாவியை வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்குப் போனால் அங்கே அவன் அக்கா.

"நெலத்தயும் வித்துட்டான். சாவியயும் புடுங்கிட்டா அவன் அடுத்தவங்க நெலத்துல மல்லாட்ட பொறுக்கப் போவானா?"

அப்படியே பட்டறைக்குத் திரும்பிவிட்டேன்.

பிரித்துப் பார்த்ததில் புஷ்ஷுக்கு எண்ணெய் வரும் துளை அடைத்திருந்தது. தோசைக்கல் ஓரத்தில் ஒட்டுமே, அந்த மாதிரிக் கருகல். ஆணியால் சுரண்டினால்தான் வந்தது. ஆனால் என்ஜின் எண்ணெய் சுத்தமாக இருந்தது. எண்ணெய் பைப்பைக் கழற்றி பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தேன். தாராளமாக ஊற்றியது. அப்படியானால் எண்ணெய் வருகிறது, நல்ல எண்ணெய்தான் வருகிறது, இந்த ஒரு இடத்தில் மட்டும் கருகுகிறது. ஏன்? குளிக்கும்போதும் அதையே யோசித்தேன். வேகமாக ஓட்டினால் தேயும், இப்படிக் கருகாது என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனாலும் அவன் மேல் சந்தேகம் போகவில்லை.

மறுபடி கட்டியதும், ஒரு ட்ரிப்புக்கு மட்டும் என்று சாவியைக் கொடுத்து நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். பெங்களூர் போய்த் திரும்பி செங்கம் தாண்டும் வரை குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. செங்கத்துக்கு அப்புறம் ரோடு காலி. வண்டி நிறைய ஆள், நல்ல வேகம். ஒரு திருப்பத்தில் மலை தெரிந்தது. உடனே ஓரம் கட்டி, நின்ற கையோடு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான்.

"இன்னாடா ஆச்சு?"

"மலை கண்ணுல பட்டதும் நிறுத்திடுவேன் மாமா. மலையே சாமி. அவர் எதிர்ல உறுமிகினு நிக்கக் கூடாது."

வண்டிக்குள் எல்லோரும் மலையைப் பார்த்துக் கைகூப்பினார்கள். இறங்கியதும் பம்பருக்கு முன்னால் ஒரு செங்கல், அதன்மேல் கற்பூரம் உண்டாம். இதற்காகவே இவன் வண்டியைக் கேட்டு வருகிறவர்கள் இருந்தார்களாம். உறுமல் அடங்கியிருந்தது. அந்த அமைதியில்தான் எனக்குக் கேட்டது. பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில், இறங்கி இறங்கி நின்றது.

என்ஜின் நின்றால் எண்ணெய் பம்பும் நிற்கும். தண்டு நிற்கவில்லை. அத்தனை சூட்டில், உள்ளே மிச்சமிருந்த எண்ணெயில் சுற்றுகிறது. நின்ற பிறகும் சூடு இறங்காமல் அந்த எண்ணெய் வறுபடுகிறது. ஒவ்வொரு ட்ரிப்பிலும், இதே இடத்தில்.

எல்லோரும் இறங்கிக் கற்பூரம் ஏற்றியதும் அவனைக் கூப்பிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

"சாமி எதிர்லயா?"

"சாமி எதிர்லதான் பேரிங் சாவுது. போடு."

ஸ்டார்ட் ஆனதும் அவனை பானெட் பக்கம் அனுப்பி, நான் உறுமவிட்டு நிறுத்தினேன். அவன் காதை வைத்துக் கேட்டான்.

"நிறுத்தியும் சுத்துதே மாமா."

"அது நிக்கறதுக்குள்ள எண்ணெ நின்னுடுது. கொஞ்ச நேரம் சும்மா ஓட உட்டு அப்புறம் நிறுத்தணும்."

மலையைப் பார்த்தான், பானெட்டைப் பார்த்தான். உறுமிக்கொண்டு நிற்க அவனால் முடியாது என்று முகத்திலேயே தெரிந்தது.

"திருப்பத்துக்கு முன்னாடி டீக்கடை இருக்கு. மலை தெரியாது. அங்க சும்மா ஓட உட்டு நிறுத்தறேன். டீ குடிச்சிட்டு, மெதுவா உருட்டிகினு வந்து இங்க நிறுத்தறேன். அப்போ சூடு கம்மியாத்தானே இருக்கும்?"

அவன் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"ஓட்டு. கழட்டிப் பாப்பேன். கருகியிருந்தா சாவி எனக்கு."

நன்றாக ஓடும் டர்போவை எவனும் கழற்ற மாட்டான். முன்பு கெட்டுப்போக எடுத்த அளவு மாதங்கள் ஓடியதும் நான் கழற்றினேன். அவன் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. பழைய பனியன் துணியைத் திரித்து எண்ணெய்த் துளைக்குள் விட்டு இழுத்தேன். பழுப்பு எண்ணெய் மட்டும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கருப்பு இல்லை.

"நாளைக்கு ட்ரிப் இருக்கா?"

"இருக்கு மாமா."

"அப்போ அங்க இன்னா நிக்கிற? வந்து இந்த பைப்பப் புடி."