செங்கால் நாரைக்கு விட்ட வெற்று வரி

1984ஆம் ஆண்டு, தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து இருபது. இடம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் சுண்டிக்குளம் நீரேரி. இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அன்று எழுதிய கொப்பி இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கொப்பியில், பத்து இருபதுக்கு நடந்ததை அன்று நான் எழுதவில்லை. இந்தக் கதையே அதுதான்.

அப்போது நான் உடுப்பிட்டிப் பக்கத்துத் தபாற்கந்தோர் ஒன்றில் இலிகிதராக இருந்தேன். காலையில் கந்தோர் திறந்ததும் முத்திரையில் திகதி மாற்றுவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாமரம் முதலில் பூத்த நாள், கிணற்றுத் தண்ணீர் அடிப்படிக்கு இறங்கிய நாள், எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். பறவைகளுக்கென்று தனிக் கொப்பிகள். பதினொரு வருடத்தில் பதினான்கு கொப்பிகள் நிறைந்திருந்தன. எது, எத்தனை, எங்கே, எத்தனை மணிக்கு என்ற நான்கும் இல்லாமல் ஒரு வரிகூட அவற்றில் கிடையாது.

என்னைப்போலப் பறவைப் பித்துப் பிடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் எட்டுப் பேர் இருந்தோம். மாதம் ஒருமுறை கூடுவோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதிவேடு. அதை வைத்திருந்தவன் நான். எப்போதாவது அருமையாக வரும் பறவை ஒன்றை இரண்டு பேர் கண்டு, அந்த இடத்தை விட்டு வெளிக்கிட முன்னர் இருவரும் கையெழுத்திட்டால்தான் அது பதிவேட்டில் ஏறும். ஆளாளுக்குக் கதை அளப்பதைத் தடுக்க அந்த விதியை முன்மொழிந்தவனும் நான்தான்.

இந்த வட்டத்துக்குள் ஒரு வருடத்துக்கு முன் ஒரு விஞ்ஞான ஆசிரியர் வந்து சேர்ந்தார். சண்டிலிப்பாய்க்காரர். எங்கள் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரை மாஸ்ரர் என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். நல்ல மனிதர். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது.

காரணம் அவருடைய கண். நான் புத்தகத்தைப் புரட்டி, இறகின் நிறம் பார்த்து, சொண்டின் நீளம் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவர் பறக்கிற பறவையின் சிறகடிப்பைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அவர் எதையும் ஒழுங்காக எழுதுவதில்லை. பஸ் ரிக்கற்றின் பின்புறம், சிகரெட் பெட்டியின் மட்டை, கையில் அகப்பட்டதில் கிறுக்குவார். திகதி போடவேமாட்டார். பிறகு அதையும் தொலைத்துவிடுவார். பதினொரு வருடம் பாடுபட்டவன் நான் இருக்க, இப்படிப்பட்ட ஒருவருக்கு அந்தக் கண் கிடைத்ததே என்று எனக்குள் எரியும். கூட்டத்தில் சந்தேகம் வந்தால் முன்பெல்லாம் என்னைக் கேட்பார்கள். இப்போது மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவிகூட ஒருநாள், முற்றத்து வேம்பில் வந்திருந்த குருவியை நான் சொல்லிக்கொடுக்க, "மாஸ்ரர் என்னவாம் சொன்னவர்?" என்று கேட்டாள். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

ஒரேயொரு முறை அவர் பிழை விட்டிருந்தார். தொண்டைமானாற்றில் ஒரு கழுகைக் கண்டதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் அது நிறம் மாறாத இளம் பருந்து. "மாஸ்ரரின்ரை கண்ணுக்குக் காகமும் கழுகுதான்" என்று இரண்டு மூன்று கூட்டங்களுக்கு எல்லோரும் பகிடி பண்ணினார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சுண்டிக்குளத்துக்குப் போகும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடிப் பிழைச்சால் நான் உந்தப் பறவை பாக்கிறதையே விட்டிடுவன் அண்ணை. பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு முன்னாலையும் நிக்கேலாமல் கிடக்கு." அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் முதல்நாளே போய்க் கடற்கரைக் கிராமமொன்றில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடிந்ததும் நடக்கத் தொடங்கினோம். நீரேரியைச் சுற்றிக்கொண்டு போய், பொழுதுபட முன் திரும்பிவிட வேண்டும். நாட்டு நிலைமை அப்படி. மாரி மழை ஓய்ந்த நேரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். சில இடத்தில் உப்புப் பூத்த நிலம் காலுக்குக் கீழே அப்பளம்போல் நொறுங்கும், அடுத்த அடியில் முழங்கால் வரை சேறு. மரமில்லாத வெளி. புல்லும் தண்ணீரும் வானமும் மட்டும். சரணாலயம் என்றபடியால் அங்கே துவக்கு வெடிக்காது. பறவைகள் எங்களைக் கண்டு இரண்டு எட்டு விலகிவிட்டு மேய்ந்துகொண்டே இருந்தன. தூரத்தில் பூநாரைகள் தண்ணீருக்கு மேல் ஒரு இளஞ்சிவப்புக் கோடாய்த் தெரிந்தன. நான் எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் எண்ணவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்கு எரிச்சல்.

அப்போதுதான் அவர் குரல் தாழ்ந்தது.

"அண்ணை, அங்கை. சங்குவளை நாரையளுக்கு இடப்பக்கம், தனிய நிக்கிறதைப் பாருங்கோ."

பார்த்தேன். உடல் வெள்ளை, சிறகின் ஓரம் கறுப்பு. என் பைனாகுலரில் ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆனாலும் நேரான சொண்டு தெரிந்தது.

"செங்கால் நாரை, அண்ணை! சொண்டைப் பாருங்கோ, காலைப் பாருங்கோ. கண்டனீங்களோ?"

பதினொரு வருடமாக நான் காணக் காத்திருந்த பறவை அது. எங்கள் பக்கம் வருவதே மிக அருமை. பதினான்கு கொப்பிகளில் ஒரு வரியிலும் இல்லை. அதை முதலில் கண்டவர் இந்த மனிதர். பதிவேட்டில் என் கையாலேயே அவருடைய பெயரை முதலிலும் என் பெயரைச் சாட்சியாக இரண்டாவதாகவும் எழுத வேண்டும். அந்த இரண்டு வரிகளும் கண் முன்னால் வந்து நின்றன.

"என்ரை கண்ணாடியிலை சரியாத் தெரியேல்லை மாஸ்ரர்" என்றேன்.

"இந்தாங்கோ, என்ரையாலை பாருங்கோ" என்று தன் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கையில் தந்தார். இலண்டனிலிருந்து தமையன் அனுப்பிய பைனாகுலர். கண்ணில் வைத்தேன். கழுவித் துடைத்ததுபோல எல்லாம் துலங்கியது. சிவந்த சொண்டு. சிவந்த கால். சொண்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததைக்கூடக் கண்டேன். பார்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நத்தைகுத்தி போலக் கிடக்கு" என்றேன். அதுவும் வெள்ளையும் கறுப்பும்தான், ஆனால் எங்கள் பக்கம் சாதாரணமாகக் காணும் நாரை.

"இல்லை அண்ணை, நத்தைகுத்திக்கு உந்தக் கால் இல்லை…"

"எனக்குக் கால் சிவப்பாய்த் தெரியேல்லை."

அவர் பைனாகுலரை வாங்கித் திரும்பப் பார்க்க முன் அது சிறகை விரித்து எழும்பி, நீரேரியின் அந்தப் பக்கம் போய்விட்டது. மாஸ்ரர் வெறும் புல்வெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் காணேல்லை எண்டால் நான்தான் பிழையாய்ப் பாத்திருப்பன்" என்றார்.

பக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, இடுப்பில் கட்டிய பறிக்கூடையோடு, எங்களுக்கு வாய்க்கால் கடக்க இடம் காட்ட முன்னே வந்தார். கம்பால் சேற்றைக் குத்திக் குத்தி நடந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஐயாதானே கனநேரம் உந்தப் பறவையையே பாத்துக்கொண்டு நிண்டவர். ஆசைப்பட்ட ஆள் மாதிரி."

நான் கேட்காதவன்போலக் கொப்பியைப் புரட்டினேன். பதில் சொன்னவர் மாஸ்ரர்.

"அவர் பாத்தது வேறையாக்கும், அக்கா. கண்டால் விடமாட்டார். நேரமும் போட்டெல்லே எழுதுவார். உவர் பொய் எழுதமாட்டார்."

வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். கொப்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கடந்தேன். திரும்பும் பஸ்ஸில் அன்றைய குறிப்புகளைச் சீராக எழுதினேன். பத்து மணி, பூநாரை. பத்து ஐம்பது, ஆலா. இடையில் என் பேனா நின்றுவிட்டது. நத்தைகுத்தி என்று எழுத முடியவில்லை. செங்கால் நாரை என்று எழுதவும் மனம் வரவில்லை. ஒரு வரியை வெறுமையாக விட்டேன். பதினொரு வருடத்தில் நான் விட்ட ஒரே வெற்று வரி.

அடுத்த கூட்டத்துக்கு மாஸ்ரர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. எல்லோரும் பழையபடி என்னைக் கேட்கத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு மாதமும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனி மாதம் அவர் சொந்த ஊருக்கே மாற்றம் கிடைத்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் கந்தோருக்கு வரும் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவன் நான். என் பெயருக்கு வந்த அதற்கும் நானே குத்தினேன். நாலைந்து வரிதான். வழக்கம்போலத் திகதி இல்லை. வட்டத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். கீழே இப்படி இருந்தது: "கண் டொக்டரிட்டைக் காட்டினனான் அண்ணை. குறை ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறார். எனக்கு நம்பிக்கை வரேல்லை. நீங்கள் எல்லாரும் சந்தோஷமாய்ப் பாருங்கோ."

கண் டொக்டரிடம் போயிருக்கிறார். ஒரு பறவையின் பெயரை மறைத்ததாக மட்டுமே அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு சயிக்கிளில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். வல்லை வெளியில் எதிர்க்காற்று. இறங்கி உருட்டினேன். திரும்பிவிடலாமா என்றும் இரண்டு தரம் நினைத்தேன். மாஸ்ரர் தோட்டத்தில் புகையிலை நாற்றுமேடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை! என்ன இவ்வளவு தூரம்? வல்லைக் காத்து ஆளைத் தூக்கேல்லையோ?"

"மாஸ்ரர், அண்டைக்கு நானும் கண்டனான்."

"எதை?"

"செங்கால் நாரையை. உங்கடை கண்ணாடியாலை. சொண்டும் சிவப்பு, காலும் சிவப்பு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் சொல்லேல்லை?"

"எரிச்சல்."

"என்னிலையோ?"

"ஓம்."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ஒரு நாரைக்கோ அண்ணை!" என்றார். பிறகு முகம் மாறிவிட்டது. "நாரை போகட்டும். எட்டு மாசமா நான் என்ரை கண்ணை நம்பேல்லை. கரும்பலகையிலை எழுதிப்போட்டு, வகுப்பின்ரை கடைசிக்குப் போய் நிண்டு வாசிச்சுப் பாத்தனான், தெரியுமோ? பிள்ளையள் சிரிச்சதுகள்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை நீட்டினார். "கொப்பி கொண்டந்தனீங்களோ?"

கொடுத்தேன். பக்கத்தைத் தேட அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும்தான் திகதி இருக்கிறதே. வெற்று வரியைக் கண்டதும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் பேனாவை வாங்கி அதில் எழுதினார். பறவையின் பெயர். ஒன்று. சுண்டிக்குளம். பத்து இருபது. ஓரத்தில் நாள், மாதம், வருடம் மூன்றையும் போட்டார். அவர் திகதி போட்டு நான் கண்டது அன்றுதான்.

"கையெழுத்தைப் போடுங்கோ."

"விதிப்படி இப்பப் போட்டால் செல்லாது மாஸ்ரர்."

"விதிக்கில்லை. எனக்கு."

போட்டேன். தேத்தண்ணி தந்தார். குடித்தேன். அவர் அதன் பிறகும் எங்கள் வட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. வருவார் என்று நான் எதிர்பார்த்தது அதிகம்தான். பதிவேட்டில் அந்தப் பறவை இன்றுவரை ஏறவில்லை. அந்த விதியை மாற்றக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. 1987இல் சண்டை மூண்டு, எங்கள் வடமராட்சிப் பகுதியை விட்டு அவசரமாக வெளிக்கிட்டபோது ஒரேயொரு கொப்பியைத்தான் எடுக்க முடிந்தது. எதை எடுப்பது என்று நான் யோசிக்கவில்லை.

இன்றைக்கும் யாராவது எதையாவது காட்டி "கண்டனீங்களோ?" என்று கேட்டால், கண்டிருந்தால் உடனே "ஓம்" என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு சொல்லை நான் அடக்கி வைத்ததால் ஒரு மனிதர் எட்டு மாதம் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தார் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.