தலையணைக்குள் வைத்த இரும்பு

எங்கள் அரியலூர்ப் பக்கம் மைன்ஸ் என்றால் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளம்தான். என் மகன் கடற்படையில் மைன்ஸ் தேடும் கப்பலில் இருக்கிறான் என்று சொன்னால், "கடலுக்குள்ளயும் சிமெண்டு கம்பெனி வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். எதிரி கடலுக்கடியில் போட்டுவிட்டுப் போகும் வெடிகுண்டுக்கும் அதே பேர்தான் என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. இவன் கப்பல் முன்னால் மெதுவாகப் போய், தண்ணிக்குள் சத்தம் விட்டுக் கேட்டு, அடியில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் பெரிய கப்பல்கள் பின்னால் வரும். அவன் பிறப்பதற்கு முன்பே கடலில் இறங்கிய கப்பல் அது. லீவில் வரும்போதெல்லாம், "கெழவிக்கு மூச்சு வாங்குதும்மா, இன்ஜின பிரிச்சுப் போட்டிருக்கோம்" என்பான்.

போன தடவை அவன் கிளம்பும்போது, தா.பழூர் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் கருப்புசாமியின் காலடியில் வைத்து எடுத்த ஒரு அரிவாளை, விரல் நீளம்தான் இருக்கும், அவன் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன். இரும்பு கூட இருந்தால் கெட்டது எதுவும் அண்டாது. சாமியே காவலுக்குக் கூடப் போன மாதிரி. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினான். கடலுக்குள் போகிறோம், சிக்னல் இருக்காது, பயப்படாதே என்றான். அப்போதும் எனக்குப் பயமே இல்லை.

ஒருநாள் மத்தியானம் நானும் மருமகளும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அவள் சொன்னாள். "அவங்க கப்பலே காந்தம் ஒட்டாத மாதிரி கட்டுனதாம் அத்தை. சில வெடி இரும்பு கிட்ட வந்தாலே முழிச்சுக்குமாம். வேண்டாத இரும்புச் சாமான் எதையும் உள்ள வெச்சுக்க மாட்டாங்களாம்."

என் கையில் இருந்த தோசைக்கல் கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து மைன்ஸில் வெடி வைத்தார்கள். தினமும் வைப்பதுதான். அன்றைக்குச் சுவர் அதிர்ந்தபோது கடலுக்குள் வெடித்த மாதிரியே இருந்தது. நானே என் பிள்ளை தலைக்கடியில் எமனை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டேனே!

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். அந்தப் பெண் குரலிடமே, "அவன்ட்ட சொல்லும்மா, அந்தத் தலையாணிய தூக்கி எறியச் சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறேன். மருமகளிடம் வாய் திறக்கவில்லை. அவள் தாலிக்கு நானே வினை வைத்தேன் என்று எப்படிச் சொல்ல? அதற்குப் பிறகு தினமும் மைன்ஸ் வெடி கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சாமி அறைக்குள் உட்கார்ந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் கல் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏன்டி, இன்னிக்கும் உப்பு போடலியா?" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "வெரல் தண்டி அரிவாளுக்கா வெடி முழிக்கும்? அப்ப இன்ஜின எதுல செஞ்சாங்களாம், மண்ணுலயா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. கை கழுவிவிட்டு, "வா, போயிட்டு வந்துடுவோம்" என்று வண்டியை எடுத்தார்.

கருப்பு முன்னால் விழுந்தேன். "சாமி, நான்தான் உன்னை அவன்கூட அனுப்பி வெச்சேன். இப்ப நானே கேக்குறேன், அவனை விட்டு எறங்கி வந்துடு. உன் இரும்ப தூக்கிக்கிட்டு வந்துடு. அவன் தனியா இருந்தாலும் பரவால்ல." காவலுக்கு நிற்கிற தெய்வத்திடம் காவலை எடுத்துவிடு என்று எந்தத் தாயாவது கேட்பாளா? நான் கேட்டேன். பின்னால் நின்ற இவர் துண்டால் மூக்கைத் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கு அடுத்த வாரம் போன் வந்தது. ஹலோ என்றுகூடச் சொல்லாமல், "தலையாணிய கிழி தம்பி!" என்று கத்தினேன்.

"அந்த அரிவாளா? மொத ராத்திரியே கன்னத்துல குத்திடுச்சும்மா. கரையில எங்க ரூம்ல அலமாரில வெச்சிருக்கேன். கப்பல்ல ஏத்தவே இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நல்லாத்தான் இருக்கிறான். ஆனால் அடுத்த மூச்சிலேயே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது.

"அப்ப இத்தினி நாளும் நடுக்கடல்ல உனக்குத் தொணைக்கு யாருமே இல்லியா தம்பி?"

"கெழவி இருந்தாளேம்மா" என்றான். "இதான் அவளுக்குக் கடைசிப் பயணம். கொடிய எறக்கிட்டு ஒடைக்கக் குடுத்துடுவாங்களாம்."

சாயந்திரம் போட்டோ அனுப்பினான். சாம்பல் நிறத்தில், பெயிண்ட் உரிந்து, ஓரமாகக் கட்டிக் கிடந்தது கப்பல். போனைச் சாமி மாடத்தில் சாய்த்து வைத்துச் சூடம் ஏற்றினேன். இத்தனை வருசம் அடுத்தவர் பிள்ளைகளுக்கெல்லாம் வழி பார்த்துக் கொடுத்தவள். என் பிள்ளையையும் கரை சேர்த்துவிட்டாள். எனக்கு அழுகை நிற்கவில்லை.

பின்னால் வந்து நின்ற இவர் சொன்னார். "தட்டைக் கொஞ்சம் தள்ளிப் புடிடி. போன் உருகிடப் போவுது."