ஆலமரத்தில் தொங்குகிறதா?

மாட்டு வைத்தியம் படிக்கப் பேராதனைக்குப் போவதா, சென்னைக்குப் போவதா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வழி நெடுந்தீவுப் படகில், ஒரு நாற்றத்தோடு வந்தது.

பக்கத்தில் இருந்தவரின் மடியில் ஒரு வைக்கோல் பொட்டணம். கிழிந்த பெனியன், காதில் பாதிச் சுருட்டு. அலை தூக்கும்போதெல்லாம் பொட்டணத்தைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள்.

"என்ன அண்ணை அது?"

"மாட்டின்ரை இளங்கொடி, கன்றுக்குப் பின்னாலை விழுற நஞ்சுக்கொடி. விடியக் கன்று போட்டவள். ஆலமரத்திலை கட்டினால்தானே பால் சுரக்கும்."

"நெடுந்தீவிலை ஆல் இல்லையோ?"

"இருக்கு, மாமியின்ரை வளவுக்கை. அவவோடை எனக்குக் கதைபேச்சு இல்லை, தங்கச்சி."

சிரிப்பை அடக்க ஏலாமல், மாட்டு வைத்தியம் படிக்க எது நல்லது என்று கேட்டு, கையிலிருந்த இரண்டு கல்லூரிகளின் அறிமுகப் புத்தகங்களையும் நீட்டினேன். படங்களை மட்டும் புரட்டினார்.

"கட்டிடம் வடிவாத்தான் இருக்கு. மாடு எங்கை?"

நானும் தேடினேன். இரண்டிலும் ஒரு மாடுகூட இல்லை!

"வாசல் ஆலமரத்திலை இளங்கொடி தொங்குதோ எண்டு கேட்டு எழுதும். தொங்கினால் மாட்டைத் தொட்டுப் படிக்கலாம். இல்லாட்டி படம் கீறித்தான் படிப்பீர்."

குறிகட்டுவான் துறையில் இறங்கி, பொட்டணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார். பகிடிக்குச் சொன்னாரோ, மெய்யாகச் சொன்னாரோ, இன்னும் தெரியவில்லை.

இன்றைக்கு இரண்டு இடத்துக்கும் எழுதப்போகிறேன்: கன்று போடுகிற மாட்டுக்குப் பக்கத்தில் எங்களை எத்தனையாம் வருஷம் விடுவீர்கள்? 'முதலாம் வருஷம்' என்று எந்த இடம் எழுதுகிறதோ, அந்த இடத்துக்குப் பெட்டி கட்டுவேன். கடைசி வரியில் ஆலமரத்தையும் கேட்பேன்.