அண்ணன் கிணற்றோரச் சுவர்

எங்கள் பள்ளத்தாக்கில், மலைமேலிருந்து தண்ணீர் தருகிற பெரிய அணையை இடிக்கப் போகிறேன் என்று வாய்திறந்து சொல்லிவிட்டு ஒருவர் முழுசாக வீடு திரும்புவது கஷ்டம். பாதி வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அணை கட்டிய வெள்ளைக்காரரின் படம் மாட்டியிருக்கும். பொங்கலன்று சாமிக்குக் காட்டிய சூடத்தை அவருக்கும் ஒரு சுற்று காட்டுவார்கள். இந்த ஊரில்தான் அரசாங்கப் பணத்தை வைத்து ஒரு தடுப்புச் சுவரை இடிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அதுவும் எந்தச் சுவர்? கூடலூர்ப் பக்கம் நான் பிறந்த ஊரில், என் அண்ணனின் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஓடையில் நிற்கிற சுவர்.

நான் தேனியில் குடியிருக்கிறேன். மீன்வளத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த ஊழியை. உபயோகம் இல்லாமல் ஓடைகளில் நிற்கும் தடுப்புகளை எடுத்துவிட்டு, மீன்கள் ஏறிப்போக வழிசெய்வதற்கு நிதி ஒதுக்கியிருந்தார்கள். மழை இறங்கிப் புதுத் தண்ணீர் வந்ததும் கெண்டையும் அயிரையும் ஆற்றிலிருந்து ஓடைக்குத் திரும்பி எதிர்த் தண்ணீரில் ஏறும். மலையடியில் கல்லும் மணலுமாகத் தெளிந்து கிடக்கும் இடத்தில் முட்டையிடும். நடுவில் சுவர் நின்றால் அதன் காலடியிலேயே துள்ளித் துள்ளி அடிபட்டு, கடைசியில் யார் வீட்டுச் சட்டிக்காவது போய்ச் சேரும். அப்படித் துள்ளிய மீனைக் கூடையில் அள்ளித் தின்று வளர்ந்த உடம்புதான் இது. அதனால் மீன்மேல் எனக்கு ஏதோ பெரிய கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சுவர் எந்த வாய்க்காலுக்காகக் கட்டப்பட்டதோ அந்த வாய்க்கால் இப்போது இல்லை. அதன்மேல் வீடுகள் வந்துவிட்டன, ஒரு கல்யாண மண்டபம்கூட வந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் இடுப்பளவு சேறு, அதற்குமேல் கொஞ்சம் தண்ணீர், அதற்கும் மேல் ஆகாயத்தாமரை. எங்கள் அலுவலகத்தைக் கேட்டால் அது பயனற்ற தடுப்பு. ஆனால் அண்ணனின் கிணறு அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. தேங்கிய அந்தத் தண்ணீரிலிருந்துதான் கிணற்றுக்கு ஊற்று. கோடையில் ஊர்க் கிணறுகள் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அவருடைய மோட்டார் ஓடும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் வீடுதான். கிணறு வற்றினால் திராட்சைப் பந்தல் காயும். பந்தல் காய்ந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பேன்?

தை மாதத்தில் ஒருநாள் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் பந்தலுக்கு அடியில் நின்று கொடிகளை வெட்டிக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். கத்தரியை நிறுத்தவில்லை.

"கெணத்துல தண்ணி கொறையுமா?"

"கொறையலாம்ணே. எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாதுங்கிறாக."

"கொறையலாம்னா கொறையும்னுதானத்தா அர்த்தம்?"

"ஆமாண்ணே."

"மீனுக்காகவா?"

"மீனுக்காகத்தான்."

சிரித்தார். "நல்லாருக்குத்தா. மனுசனுக்குத் தண்ணி வேணும்னு நாயா அலஞ்சப்ப ஒருத்தரும் காது குடுக்கல. மீனுக்குன்னா பணத்தோட ஆளு வருது."

எனக்குச் சுருக்கென்றது. மதினி சோறு போட்டார்கள், சாப்பிட்டேன், பஸ் ஏறினேன். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மார்ச் மாதத்துக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். பணம் வரும்போது ஆமையாக வரும், போகும்போது மட்டும் அதற்கு எங்கிருந்துதான் கால் முளைக்குமோ. மேலதிகாரி காலையில் ஒருமுறை கேட்பார், சாயங்காலம் ஒருமுறை கேட்பார்: ஊர் சம்மதம் வாங்கியாச்சா? ஊரைக் கேட்டால், பக்கத்துக் கிணற்றுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். பக்கத்துக் கிணற்றுக்காரரோ கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார்.

சம்மதம் வருகிறபோது வரட்டும், அளவையாவது எடுத்து வைப்போம் என்று மாசி மாதத்தில் கிளம்பினேன். அலுவலக வண்டி பழுதாகிக் கிடந்தது. எங்கள் திட்டத்தில் மீன் ஆராய்ச்சி செய்கிற தம்பி ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாக்காரர். குமுளியில் வாடகை ஜீப் பிடித்து இறங்கி வந்து, கூடலூரில் என்னை ஏற்றிக்கொண்டார். ஜீப்பில் கேரளா நம்பர். எங்கள் அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று வழக்காடுகிற மாநிலம். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவர் சுவர்மேல் நின்று நாடாவைப் பிடித்தபடி போனில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஆடு ஓட்டிவந்த அம்மா ஒருவர், "என்னத்த அளக்குறீக?" என்று கேட்டார். நான் வேலை மும்முரத்தில், "இடிக்கத்தான்" என்றேன்.

போதாதா? அந்த அம்மா ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் ஓடைச் சுவர் பெரிய அணையாகிவிட்டது. கேரளாக்காரர்கள் அணையை இடிக்க அளக்கிறார்கள் என்று டீக்கடையிலிருந்து வந்தார்கள், ஜீப் ஸ்டாண்டிலிருந்து வந்தார்கள். கல்யாண மண்டபத்துப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்த ஒருவர் கையைக்கூடக் கழுவவில்லை. யாரோ டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். தம்பி ஜீப்புக்குள் ஏறி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும்.

"நான் இந்த ஊருப் பொண்ணுதான்யா!" என்று கத்தினேன்.

"இந்த ஊருப் பொண்ணுன்னா இங்கனயே வந்து அணைய இடிப்பியா?" என்றான் ஒருவன்.

அப்போதுதான் அண்ணன் கத்தரியும் கையுமாகப் பந்தலிலிருந்து வந்தார்.

"ஏலே, வெலகுங்கடா. அது எந்தங்கச்சி."

"அதுக்காக அணைய இடிக்க விடுறதாண்ணே?"

"அணையா? கண்ணத் தொறந்து பாரு. இது எங்கெணத்தோரச் சொவரு. இடிச்சா ஏந்தண்ணிதான் போகும். நானே இடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன். ஒனக்கு எங்கன வலிக்குது?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. காற்றைப் பிடுங்கியவனே பம்பு கொண்டுவந்து அடித்துக் கொடுத்தான். அந்த வாரமே ஊர் சம்மதம் கையில் கிடைத்தது.

"அண்ணே, நெசமாவா சொன்னீக?" என்று தனியாகக் கேட்டேன்.

"ஊரு முன்னால சொல்லியாச்சு. இனி என்ன நெசம், பொய்யி?"

மீனுக்காக அவர் சம்மதிக்கவில்லை. தங்கச்சி நாலு பேர் நடுவில் அவமானப்பட்டு நிற்கக்கூடாது என்று சம்மதித்தார். அப்படிக் கிடைத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

மார்ச் முடிவதற்குள் பொக்லைன் வந்தது. சுவரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்தார்கள். கரை சரியாமல் இருக்க இரண்டு ஓரமும் அப்படியே நிற்கட்டும் என்றார் பொறியாளர். தேங்கிக் கிடந்த தண்ணீர் ஓடிப்போனது. அண்ணன் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

சித்திரையும் வைகாசியும் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். தேனியில் தண்ணீர் லாரி ஒன்று தெருவுக்குள் வந்தால்கூட அண்ணன் கிணறுதான் நினைவுக்கு வரும். அண்ணனிடம் போனில் பேசும்போது அவர் குரலுக்குப் பின்னால் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கிணறு எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை. அவரும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு வீரபாண்டி வரைக்கும் வந்த அண்ணனும் மதினியும் என் வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டார்கள். "ஊருக்கு பஸ்ஸு நின்னுச்சு, ஏறிட்டோம்" என்றார்கள் மதினி. வீரபாண்டியிலிருந்து தேனிக்குத்தான் நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டே என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

ஆனி மாதம் மலையில் நல்ல மழை. ஒருநாள் காலையில் அண்ணன் போன் செய்தார்.

"மீனு ஏறுது. வா." வைத்துவிட்டார்.

கம்பம் தாண்டும்வரை அந்த மூன்று வார்த்தைகளில் கோபம் இருந்ததா இல்லையா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

போய்ப் பார்த்தால் ஓடையில் பாதி ஊர் நிற்கிறது. கொசுவலை, பழைய சேலை, மாவுச் சல்லடை என்று கைக்குக் கிடைத்ததோடு வந்திருந்தார்கள். சுவர் நடுவில் மட்டும் திறந்திருந்ததால் அத்தனை மீனும் அந்த ஒரே சந்தில்தான் ஏறியாக வேண்டும். முன்பைவிடப் பிடிப்பது சுலபம். இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அண்ணன் குரல் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தல் கம்பு ஒன்றைப் பிடித்தபடி சந்தின் நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"ஏலே, வலையத் தூக்குடா! எங்கெணத்துத் தண்ணியக் குடுத்து ஏத்திவிட்ட மீனுடா இது. சட்டியில போடவா குடுத்தேன்?"

கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தலையைத் திருப்பித் தோட்டத்தைப் பார்த்தேன். பந்தலில் கிணற்றுப் பக்கம் மட்டும் பச்சை இருந்தது. ரோட்டுப் பக்கத்துப் பாதியில் இலையே இல்லை, கம்பிகள்தான் தெரிந்தன.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். "அண்ணே, கெணறு..."

"பாதிக்குத்தான் பாயுது. அத அப்பறம் பேசுவோம். நீ அந்த ஓரத்துல போயி நில்லு. சேலையோட ஒருத்தி நிக்கிறா, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறா."

"யாருண்ணே?"

"ஒங்க மதினிதான்."

மதினி ஓரத்துச் சுவரில் சாய்ந்து, நனைந்த பழைய சேலை ஒன்றின் ஒரு முனையை முள்செடியில் முடிந்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தும் விடவில்லை.

"அவுக ஊருக்கு ஞாயம் பேசட்டும்" என்றார்கள். "பாதிப் பந்தலு போச்சு. ஒரு வேளக் கொழம்புக்குக்கூட எனக்குப் பாத்தியத இல்லையா?"

காலடியில் மீன்கள் கணுக்காலை இடித்துக்கொண்டு மேலே போயின. மீனுக்கு வழிவிடுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். முள்ளில் மாட்டியிருந்த முனையை அவிழ்த்துக் கையில் எடுத்தேன். பிறகு அண்ணன் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, மதினியோடு சேர்ந்து சேலையைத் தண்ணீருக்குள் இறக்கினேன்.