எதிர்க்கடைக்காரன் மூக்கும் என் பழைய ஃபான்ட்டும்

என் கம்ப்யூட்டருக்குள் எதிர்க்கடைக்காரன் வேண்டுமென்றே வைரஸ் ஏற்றிவிட்டான் என்றுதான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் முட்டாள் என்ற பட்டத்தோடு போயிருக்கும். நான் தெருவைக் கடந்துபோய் அவன் மூக்கில் குத்தினேன். ஐம்பத்திரண்டு வயதில், இடுப்பு வலிக்குக் கட்டும் பெல்ட்டோடு, ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு போய்க் குத்தினேன்.

நான் ராஜபாளையத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். காலையில் பஸ் ஏறி வந்து, மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று அடித்துக் கொடுத்துவிட்டுச் சாயந்தரம் பஸ் ஏறிப் போகிறவன். எதிர்க்கடைக்காரனும் நானும் ஒன்பது வருடம் ஒரே கடையில் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்து அடித்தவர்கள்தான். பிரிந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சொத்து இல்லை, பெண் இல்லை, ஃபான்ட்.

எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாறுவோம் என்றான் அவன். நான் பழைய ஃபான்ட்டை விட மாட்டேன் என்றேன். பழைய ஃபான்ட்டில் உள்ளே கிடப்பது இங்கிலீஷ் எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருப்பார்கள். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் போர்வை விலகி, மனு முழுக்கக் குரங்கு தட்டிய இங்கிலீஷ் மாதிரி ஆகிவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் கை பழகிவிட்டதே. “செத்த ஃபான்ட்டைக் கட்டிக்கிட்டு அழுதியே” என்றான் அவன். ஸ்டேப்ளரை எடுத்து எறிந்தேன். அவன் புருவத்தில் மூன்று தையல். மறுவாரமே எதிரில் கடை போட்டான். ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஸ்டேப்ளர் மட்டும் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதுமே ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு பெண்ணை அழைத்துவந்தார். சுந்தரபாண்டியத்தில் பிறந்து ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தறியில் வேலை. இடது கையில் மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கம்மலைப் பிடித்து இழுத்ததில் வலது காது கிழிந்து, தையல் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. எல்லாம் புருஷன் வேலை. போதாததற்கு நாலு வயது மகளைப் பிடுங்கித் தன் அம்மா வீட்டில் வைத்துக்கொண்டு, இவளை வெளியே தள்ளியிருந்தான்.

“அண்ணாச்சி, சாயந்தரத்துக்குள்ள மனு உள்ள போயிறணும்” என்றார் குமாஸ்தா. “நாளைல இருந்து கோர்ட் லீவு. இன்னைக்கு விட்டுட்டோம்னா லீவு முடியுத வரைக்கும் பிள்ளை அவன் கையிலதான். அதுக்குள்ள எந்த ஊருக்குக் கொண்டுட்டுப் போவானோ.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் அடித்தேன். என்றைக்கு எதனால் அடித்தான், எங்கே அடித்தான், எத்தனை தையல். இடிகட்டை, சைக்கிள் செயின், சுவர், கொதிக்கிற ரசம். கணக்கு வாத்தியார் மாதிரி வரிசையாகச் சொன்னாள். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னாள். அதை அடிக்கும்போது என் விரல் நாலு முறை தவறியது. நாலு பக்கம் வந்துவிட்டது.

மருத்துவச் சான்று இதில் இருக்கிறது என்று குமாஸ்தா தன் பென்டிரைவை நீட்டினார். கோர்ட்டு வாசலில் ஒரே பென்டிரைவ்தான் கடை கடையாக ஏறி இறங்கும். வாங்கிச் செருகினேன். திரை ஒருமுறை சிமிட்டியது. நாலு பக்கத் தமிழும் கண்முன்னே இங்கிலீஷ் எச்சிலாகத் தெறித்தது. மேலே இருந்த பட்டன்களின் பெயர்கள் கட்டம் கட்டமாகிவிட்டன.

அதன்பிறகு நான் செய்ததற்கு ரிப்பேர் என்று பெயர் வைக்க முடியாது. கொலை முயற்சி என்று வேண்டுமானால் வழக்குப் போடலாம். பென்டிரைவைப் பாம்பைப் பிடுங்குவதுபோல் பிடுங்கித் தரையில் அடித்தேன். ஃபான்ட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றப் பார்த்தேன். பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்றது. பயன்பாட்டில் இருந்தால் ஏன் தெரியவில்லை என்று மானிட்டரின் கன்னத்தில் அறைந்தேன். பழைய சிடியைத் தேடிப் போட்டேன். ஃபான்ட் ஏற்கெனவே இருக்கிறது என்றது. சிடியை முழங்காலில் வைத்து முறித்தேன். அதன் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன். பிரிண்டர் நாலு பக்கக் குப்பையை அழகாகத் துப்பியது. அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அதற்குள் மனு அடிக்கிற மென்பொருள் தானாகச் செத்து மூடிக்கொண்டது. திறந்தால் செத்தது. மறுபடி திறந்தால் மறுபடி செத்தது. சிபியுவை எட்டி உதைத்தேன். கால் நகம் பெயர்ந்தது. செருப்பு அப்போதுதான் எங்கோ போயிருக்க வேண்டும்.

“இந்தப் பென்டிரைவை காலைல எங்கவே குத்துனீரு?” என்றேன் குமாஸ்தாவிடம்.

“எதிர்க்கடைலதான் அண்ணாச்சி. ஒரு ஜாமீன் மனு.”

வேறு சாட்சி எதற்கு. போனேன். அவன் தலைநிமிர்ந்து, “என்னலே” என்று கேட்பதற்குள் குத்தினேன். அப்பளம் நொறுங்கிய சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு விநாடி நினைத்தேன். அவன் எழுந்து தலையால் என் வயிற்றில் முட்டினான். பெல்ட்டின் இரும்புக் கொக்கி அவன் நெற்றியைக் கிழித்தது. அவன் என் காதைப் பிடித்துத் திருக, நான் அவன் தோளைக் கடிக்க, இரண்டு பேரும் ஜெராக்ஸ் மெஷின்மேல் விழுந்தோம். என் கன்னம் கண்ணாடியில் அழுந்தியது, அவன் முழங்கை பட்டனில் பட்டது. மெஷின் கடமை தவறாமல் என் முகத்தை மூன்று காப்பி எடுத்தது.

“அடிச்சு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க” என்று ஒரு குரல். அந்தப் பெண் கடை வாசலில் நின்றிருந்தாள். “எனக்கு மனு அடிக்கணும்.”

நாங்கள் அப்படியே நின்றோம். என் வாயில் அவன் சட்டைத் துணி.

“எங்க வீட்ல இதைவிட நல்லா அடிப்பாக” என்றாள். பையிலிருந்து ஒரு சுருள் கட்டுத்துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள். “நான் நெய்ஞ்சதுதான். மூக்குல வச்சு அமுக்குங்கண்ணே.”

அவன் அமுக்கிக்கொண்டு விஷயத்தைக் கேட்டான். “என் மெஷின்ல முதல்ல இருந்து அடிச்சிருவோம்மா. ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்.”

அதுவரைக்கும் அசையாத அவள் முகம் அப்போதுதான் அசைந்தது. “இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்ல என்னால ஏலாது” என்றாள்.

அவன் எழுந்து தெருவைக் கடந்து, ஆறு வருடத்தில் முதல்முறையாக என் கடைக்குள் வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தான். துணியிலிருந்து ரத்தம் என் கீபோர்டில் சொட்டியது. துடைக்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

வைரஸ் இல்லை என்று அரை மணி நேரம் தேடிவிட்டுச் சொன்னான். மனுவின் ஃபைல் அழியாமல் உள்ளே கிடந்தது. தெரியத்தான் மறுத்தது.

“புதுசா என்னலே ஏத்துன?”

“ஒண்ணும் ஏத்தல.”

“பின்ன எதுக்கு இந்தப் பட்டன் எல்லாம் கண்ணாடி வளையல் மாதிரி மின்னுது? மவுசைக் கொண்டு போனா படம் எல்லாம் துள்ளுது?”

“அதுவா தானா வந்திருக்கும்.”

அந்த நேரம் பார்த்துத் திரை இன்னொரு முறை சிமிட்டியது. நீலமாக இருந்தது ஊதாவானது. யாரும் எதையும் தொடவில்லை, எதையும் செருகவில்லை. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு. பிறகு என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வெளியே ஒரு பைக் ஸ்டாண்டு போடாமல் சாய்ந்து விழுந்தது.

“ஏட்டி, வெளிய வாட்டி. கோர்ட்டுக்கா வந்திருக்க?”

புருஷன். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தான், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவன் மாதிரி. உள்ளே வந்தான். அவள் கூந்தலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான். தலையை ஷட்டர் தூணில் மோதினான். ஒருமுறை. இன்னொரு முறை. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

காலையில் மூக்கு உடைத்த வீரன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? மேஜைக்கு அடியில் போனேன். யுபிஎஸ் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே வயரைப் பிடித்து ஆட்டினேன். அங்கிருந்து பார்க்கும்போது முதலில் கால்கள்தான் தெரிந்தன, தலையை நீட்டியதும் மீதியும் தெரிந்தது. எதிர்க்கடைக்காரன் கால் பின்னால் போனது, முக்காலி மேலே போனது, புருஷன் தோளில் இறங்கியது. எலும்பு விட்டுப்போன சத்தம். புருஷன் திரும்பி அவன் தொண்டையைப் பிடித்தான். அந்த இடைவெளியில் அவள் மாவுக்கட்டுக் கையை ஓங்கிப் புருஷன் வாயில் இறக்கினாள். கட்டும் உடைந்தது, பல்லும் விழுந்தது. பல் என் பக்கம் உருண்டுவந்து நின்றது.

குமாஸ்தா ஓடிப்போய்க் கோர்ட்டு வாசல் காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டிவந்தார். புருஷனை இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழி முழுக்க, வெட்டுவேன், பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்று ரத்தத்தோடு துப்பிக்கொண்டே போனான்.

அவள் நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். “எந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்தோம்?” என்றாள்.

நான் மேஜைக்கு அடியிலிருந்து, “நாலாம் பக்கம்மா” என்றேன்.

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, ஏத்துனது என்னன்னு இந்த அண்ணன்கிட்ட சொல்லிருங்களேன். நான் அம்புட்டையும் சொல்லலையா?”

மேஜைக்கு அடியில் இருந்தபடியே சொன்னேன். வெளியே வந்து சொல்லத் தைரியமில்லை. ராஜபாளையத்தில் என் மச்சான் ஒரு மில் ஆபீசில் இருக்கிறார். அவர் கம்ப்யூட்டர் திரை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். என்னுடையது சாவு வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். திரையின் தோலை மாற்றுகிற மென்பொருள் ஒன்றை அவரிடமே வாங்கி, சனிக்கிழமை கடை அடைக்கிற நேரத்தில் ஏற்றினேன். அது கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் என்று அழுத்தினேன். ஃபான்ட்டையும் மாற்றட்டுமா என்று கேட்டது. அதற்கும் ஆமாம். காலையில் வந்து பார்த்தபோது பட்டனெல்லாம் மின்னியதில் எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

எதிர்க்கடைக்காரன் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “இம்புட்டுதானாலே” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்து, சேஃப் மோடில் எழுப்பினான். அதில் கம்ப்யூட்டர் வேண்டாத எதையும் ஏற்றாமல் உடம்போடு மட்டும் எழுந்திருக்கும். மினுக்கல் போய்ச் சாம்பல் நிறத்தில் திரை வந்தது. ஃபைலைத் திறந்தான். நாலு பக்கமும் தமிழில் நின்றன. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அவள் சொன்ன இடிகட்டை, சைக்கிள் செயின், சுவர், எல்லாம் அங்கே இருந்தன.

சேஃப் மோடில் பிரிண்டர் ஓடாது. ஆகவே கூடவே எழுந்திருக்கும் பட்டியலிலிருந்து அந்த மென்பொருளின் பெயரை எடுத்தான். வழக்கம்போல் எழுப்பி, மென்பொருளை வேரோடு பிடுங்கினான். அது மாற்றிவைத்திருந்த ஃபான்ட் அமைப்புகளைப் பழையபடி திருப்பினான். இன்னொரு முறை ரீஸ்டார்ட். ஒரு மணி ஆனது. இரண்டு மணி ஆனது. திரை சிமிட்டவில்லை. அவன் எழுந்து, “உக்காரு, உன் ஃபான்ட்டுல நீதான் அடிக்கணும்” என்றான். கிழிந்த உள்ளங்கையோடு அடித்தேன். ஐந்தாம் பக்கத்தில் மதியம் கடையில் நடந்ததையும் சேர்க்கச் சொன்னார் குமாஸ்தா. தூண், கூந்தல், இரண்டு முறை. அதை அவள் சொல்லத் தேவைப்படவில்லை. நான் பார்த்திருந்தேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மனு கோர்ட்டுக்குள் போனது. மகளைத் தாயிடம் விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு அன்றைக்கே கிடைத்தது. மறுநாள் காலையில் போலீசோடு போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்குப் போனாள். எதிர்க்கடைக்காரனுக்கு மூக்கெலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆனது.

அவன் எதையும் ஏற்றவில்லை. மணிக்கு ஒருமுறை தோல் மாற்றும்படி சனிக்கிழமை நானே டிக் அடித்திருந்தேன். முதல் தோல் சும்மா இருந்தது, அடுத்து மாறி வந்த ஒவ்வொரு தோலும் தன் ஃபான்ட்டை என் ஃபான்ட்டின் இடத்தில் வைத்தது. நான் பென்டிரைவைச் செருகியபோது மணி சரியாகப் பதினொன்று.